போத்தலுக்குள் மருந்துச் செடி: இழைய வளர்ப்பில் மருந்துச் சத்தைக் கூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் ஓர் இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தொடக்கத்தில் விதை உருளைக்கிழங்கு, பிறகு அந்தூரியம், இப்போது சில ஆண்டுகளாக மருந்துச் செடிகள். உயர்தர உயிரியல் மாணவர்கள், திட்ட அறிக்கை எழுதும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், நாட்டு வைத்தியர்கள், எங்கள் லயத்து மாமாமார் என்று பலரும் வந்து கேட்டவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்தால் என் தொண்டை பிழைக்கும் என்று தோன்றியது. கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் வாக்கியத்திலேயே விட்டிருக்கிறேன்.

மிஸ், இழைய வளர்ப்பு என்றால் வாழைக்கன்று செய்வதுதானே? இதில் மருந்து எங்கே வருகிறது?

அறையும் போத்தலும் ஒன்றுதான், நோக்கம் வேறு. வாழையிலும் உருளைக்கிழங்கிலும் கன்றுதான் நமக்கு வேண்டும். மருந்துச் செடியில் கன்று வராமலே போகலாம். இலையிலிருந்தோ தண்டிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துச் சீனியும் உப்புகளும் ஓமோனும் உள்ள ஊடகத்தில் வைத்தால், வெட்டுக்காயத்தில் உருவமில்லாத ஒரு கலத் திரள் பொங்கி வரும். அதைக் கலஸ் என்போம். அந்தத் திரளை நீர் ஊடகத்தில் உதிர்த்து ஷேக்கரில் ஆட்டினால் தொங்கல் வளர்ப்பு, அதாவது கூழ் போல மிதக்கும் தனிக் கலங்கள். அந்தக் கலங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் பொருள்தான் நமக்கு வேண்டிய மருந்து.

ஊடகம் பெரும்பாலும் முராஷிகி, ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1962 இல் புகையிலைக் கலங்களுக்காக வகுத்ததுதான். லீற்றருக்கு 30 கிராம் சீனி, பி.எச். 5.7 அல்லது 5.8. இன்றைக்கும் எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

காட்டில் இருப்பதை வெட்டி எடுத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு செலவு?

எங்கள் வீடுகளில் காய்ச்சல் என்றால் கொத்தமல்லியோடு போட்டு அவிக்கும் வெனிவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மரமஞ்சள். அது மெதுவாக வளரும் காட்டுக்கொடி. மருந்து தண்டில் இருக்கிறது, தண்டை வெட்டினால் கொடி போயிற்று. பசிபிக் யூ மரமும் அப்படித்தான். அதன் பட்டையில்தான் பக்ளிடக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் கிடைத்தது, பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். இப்போது அந்த மருந்தை யூ மரக் கலங்களை வளர்த்தே எடுக்கிறார்கள். 75,000 லீற்றர் கொள்ளும் தொட்டிகள் வரை இருக்கின்றன. அந்த முறைக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2004 இல் பசுமை வேதியியல் விருது கொடுத்தது.

நீங்களே காட்டுக்குப் போய்த் துண்டு எடுப்பதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆய்வுக்காரருக்கும் பொருந்தும்.

செடிக்கு எதற்கு மருந்து? அது தனக்கு ஏன் செய்துகொள்கிறது?

இதைக் கேட்டவர் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: “ஊவாவில் ஓகஸ்ட் மாதக் காய்ந்த காற்று அடிக்கும்போது கொழுந்து எப்படி இருக்கும்?” அவர் யோசிக்கவே இல்லை. “கொழுந்து குறையும், மகள். ஆனால் வாசம் ஏறும், கொழும்பு ஏலத்தில் விலை ஏறும்.”

விடையை அவரே சொல்லிவிட்டார். காற்று செடியை வாட்டுகிறது, வாடும் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு வேறு வேலையில் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் குளிர்ந்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று மெதைல் சலிசிலேற்று. மூட்டு வலித் தைலத்தில் மணப்பதும் அதுதான். பூச்சி கடித்தாலும் பூஞ்சணம் புகுந்தாலும் வெயில் சுட்டாலும் செடி இப்படித்தான் எதையாவது செய்துகொள்ளும். நாம் மருந்து என்று சொல்வதில் பெரும்பகுதி செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த நஞ்சு.

போத்தலுக்குள் காற்றும் இல்லை, பூச்சியும் இல்லை, வேளாவேளைக்குச் சீனி கிடைக்கிறது. அங்கே இருக்கும் கலத்துக்கு நஞ்சு செய்ய என்ன தேவை? மருந்து குறைவாக வருகிறது என்று தலையில் கைவைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

அப்படியென்றால் தொடக்கத்திலிருந்தே பட்டினி போட்டு வளர்த்தால் என்ன?

கொழுந்தே வராத செடியில் வாசம் ஏறி என்ன பயன்? முதலில் கலங்களைப் பெருக்க வேண்டும், பிறகுதான் வாட்ட வேண்டும். இரண்டு கட்டம், இரண்டு ஊடகம்.

இதைத் தொழிலாகச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர். லித்தோஸ்பேர்மம் என்ற செடியின் வேரில் சிக்கோனின் என்ற சிவப்புப் பொருள் இருக்கிறது. காயத்துக்குப் பூசுவார்கள், சாயமாகவும் பயன்படும். நிலத்தில் வேர் முதிர ஆண்டுக்கணக்கில் ஆகும், வேரில் இருப்பதோ ஓரிரு சதவீதம். 1983 இல் மிட்சுயி நிறுவனம் அதைக் கலங்களிலிருந்து விற்பனைக்கு எடுத்தது. முதல் தொட்டியில் கலங்கள் பெருகும். அடுத்த தொட்டியின் ஊடகம் வேறு: அமோனியம் இல்லை, நைத்திரேற்று மட்டும்தான் நைதரசன் மூலம், செம்பு கூடுதல். அமோனியம் இருந்தால் சிக்கோனின் வராது, வெளிச்சம் பட்டாலும் வராது. கலங்களின் உலர் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் எடுத்தார்கள். உதட்டுச் சாயமாகக்கூட அது விற்பனைக்கு வந்தது.

இரண்டாம் கட்டத்தில் பொதுவாகச் செய்வது பொசுபேற்றைக் குறைப்பது, நைதரசனைக் குறைப்பது, சீனியை ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை ஏற்றுவது. எது உங்கள் செடிக்கு ஒத்துவரும் என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். சிக்கோனினுக்கு இருட்டு வேண்டும் என்பதற்காக எல்லாச் செடியையும் அலுமாரிக்குள் பூட்டிவிடாதீர்கள்.

மருந்தின் சதவீதம் இரட்டிப்பாகிவிட்டது என்று திட்ட அறிக்கையில் எழுதினோம். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன்?

உங்கள் ஆசிரியர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கணக்கைப் பாருங்கள். வழக்கமான ஊடகத்தில் லீற்றருக்கு 10 கிராம் உலர் கலம், அதில் 0.5 சதவீதம் மருந்து என்றால் 50 மில்லிகிராம். நீங்கள் வாட்டிய ஊடகத்தில் ஒரு சதவீதம், ஆனால் கலம் 4 கிராம்தான் வந்தது என்றால் 40 மில்லிகிராம். சதவீதம் இரட்டிப்பு, கையில் கிடைத்தது குறைவு. அதற்கு எத்தனை நாள் எடுத்தது என்பதும் இருக்கிறது. லீற்றருக்கு, நாளுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதிப் பழகுங்கள்.

ஊடகத்தையும் அளந்தீர்களா? சில மருந்துகள் கலத்தை விட்டு வெளியே கசியும். கலத்தை வடித்தெடுத்துவிட்டு மஞ்சள் நீரைக் கழுவு தொட்டியில் ஊற்றிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஓமோனைக் கூட்டினால் மருந்து கூடுமா?

பெரும்பாலும் எதிர்மாறாகத்தான் நடக்கும். கலஸ் வேகமாக வர வேண்டும் என்று எல்லாரும் 2,4-டி என்ற ஒட்சின் வகை ஓமோனைப் போடுகிறார்கள். அது கலத்தைப் பிரிந்துகொண்டே இருக்கச் சொல்கிறது, அதே நேரத்தில் பல செடிகளில் மருந்தை அமுக்கியும் விடுகிறது. பெருக்கும் கட்டத்தில் போடுங்கள், இரண்டாம் கட்டத்தில் எடுத்துவிடுங்கள், அல்லது மென்மையான ஒட்சினுக்கு மாறுங்கள்.

தூண்டி என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு ஊற்றுவது?

பூச்சி கடிக்காமலே கடித்துவிட்டதாகச் செடியை நம்பவைக்கும் பொருள். காயம்பட்ட செடி தனக்குள் அனுப்பும் செய்தி ஜஸ்மோனிக் அமிலம். அதன் உறவான மெதைல் ஜஸ்மோனேற்றை நாமே ஊடகத்தில் விட்டால், காயமில்லாத கலமும் தற்காப்பில் இறங்கிவிடும். யூ மரக் கலத்தில் பக்ளிடக்சலைக் கூட்டியதும் இதுதான். சலிசிலிக் அமிலமும் இதே குடும்பத்து வேலை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசனும் ஈஸ்ட் சாறும் இன்னொரு வழி: பூஞ்சணம் வந்துவிட்டது என்று செடியை ஏமாற்றுபவை.

மெதைல் ஜஸ்மோனேற்றுக்குப் பலரும் தொடங்கும் அளவு 100 மைக்ரோமோலர், லீற்றருக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம். அதைச் சுற்றி நான்கைந்து அளவுகளில் செய்து பாருங்கள். கூடிப்போனால் கலம் பழுப்பேறிச் சாகும். எப்போது விடுகிறீர்கள் என்பது அளவைவிட முக்கியம். கலங்கள் நன்றாகப் பெருகி வேகம் தணியத் தொடங்கும் நாளில் விட வேண்டும். முதல் நாளே விட்டால் மேலே சொன்ன பட்டினிக் கதைதான். அறுவடையும் செடிக்குச் செடி மாறும். சிலவற்றில் இரண்டு மூன்று நாளில் உச்சம் வந்து இறங்கிவிடும், யூ மரத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு போத்தலை எடுத்து அளக்காமல் அந்த உச்சம் பிடிபடாது.

இன்னொன்று. மெதைல் ஜஸ்மோனேற்று நீரில் சரியாகக் கரையாது, எதனோலில் கரைத்து நுண்வடியால் வடித்து விடுவோம். அப்படியானால் அதே அளவு எதனோல் மட்டும் விட்ட போத்தலும் வரிசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தைக் கூட்டியது தூண்டியா, சாராயமா என்று யாருக்கும் தெரியாது.

ஊடகத்தைக் கிருமிநீக்கக் குக்கரில் 15 நிமிடம் போதும் என்று இணையத்தில் சொல்கிறார்கள். அப்படியே செய்தும் எனக்குப் பூஞ்சணம் வருகிறது. ஏன்?

நீங்கள் நுவரெலியாவில் இருக்கிறீர்கள், அந்தக் காணொளியை எடுத்தவர் கடல்மட்டத்தில் இருக்கிறார். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தட்டு நிறையப் போத்தல்கள் நான்காம் நாள் வெள்ளைப் பஞ்சாய்ப் பூத்து நின்றன.

குக்கரின் எடைக்குண்டு வெளிக்காற்றுக்கு மேலே சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம் வரும்வரை அடைத்து வைக்கிறது. கடல்மட்டத்தில் அது 121 பாகை செல்சியஸ். 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்துவிட்டது, தண்ணீர் 94 பாகையில் கொதித்துவிடுகிறது. அதே குண்டு இங்கே ஏறத்தாழ 118 பாகைக்குத்தான் கொண்டுபோகும். மூன்று பாகைதானே என்று நினைக்க வேண்டாம், கிருமி சாகும் வேகம் அதில் பாதியாகிவிடும். ஆகவே 15 நிமிடத்துக்கு இங்கே 30 நிமிடம். பெரிய குடுவை என்றால் நடுப்பகுதி சூடாக இன்னும் கொஞ்சம். குண்டின் மேல் எதையும் கட்டி அழுத்தத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள். ஒருவர் அதையும் கேட்டார்.

தேயிலைத் துண்டு வைத்த இரண்டாம் நாளே ஊடகம் கறுத்துவிடுகிறது. கிருமியா?

கிருமி இல்லை. தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டியதும் ஏன் செம்பு நிறமாகிறது? இலை நசுங்கியதும் உள்ளே தனித்தனியாக இருந்த கற்றெக்கின் என்ற துவர்ப்புப் பொருளும் நொதியமும் ஒன்றாகி, காற்றுப்பட்டு நிறம் மாறுகின்றன. நீங்கள் கத்தியால் வெட்டிய விளிம்பிலும் அதே தேயிலைதான் தயாராகிறது. இளம் துண்டாக எடுங்கள், வெட்டியதும் அஸ்கோபிக் அமிலக் கரைசலில் போடுங்கள், முதல் சில நாள்கள் இருட்டில் வைத்து அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

கரித்தூள் போட்டாலும் கறுப்பு அடங்கும். ஆனால் கரி ஓமோனையும் உறிஞ்சும், நீங்கள் தேடும் மருந்தையும் உறிஞ்சும். அளக்கும் கட்டத்தில் கரி வேண்டாம்.

மருந்து செய்யத் தேவையான மூலப்பொருளை நாமே கொடுத்துவிட்டால்?

கொடுக்கலாம். தேயிலையே நல்ல எடுத்துக்காட்டு. தேநீருக்குச் சுவை தரும் தியனின், குளுட்டாமிக் அமிலமும் எதைல் அமீனும் சேர்ந்து உருவாகிறது. தேயிலைக் கலஸுக்கு எதைல் அமீன் கொடுத்தால் தியனின் நன்றாகவே ஏறுகிறது, ஏனென்றால் கலத்துக்கு அங்கேதான் தட்டுப்பாடு.

தட்டுப்பாடு எங்கே என்று தெரியாமல் ஊற்றினால் பயனில்லை. பத்துப் படி உள்ள வழியில் ஏழாவது படியில் அடைப்பு இருந்தால், முதல் படிக்கு மூட்டை மூட்டையாக ஏற்றி என்ன ஆகப்போகிறது? விலையையும் பாருங்கள். மருந்தைவிட மூலப்பொருள் விலை கூடிய திட்டங்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

சிலர் கலத்தை விட்டுவிட்டு வேரை மட்டும் போத்தலில் வளர்க்கிறார்களே, அது எதற்கு?

சில மருந்துகளை வேர் மட்டும்தான் செய்யும். புகையிலையைப் பாருங்கள். நிக்கொட்டின் இலையில் இருக்கிறது, ஆனால் செய்வது வேர். தக்காளி வேரில் புகையிலைக் கிளையை ஒட்டினால் அந்தப் புகையிலையில் காரம் இராது. ஊமத்தையும் அதே குடும்பம். அதன் மருந்துப் பொருள்களான அல்கலோயிட்டுகளை வேர் செய்து மேலே அனுப்புகிறது, உருவமில்லாத கலஸில் தேடினால் பெரும்பாலும் கை வெறுமைதான்.

அதற்காகத்தான் ரோமவேர். அக்ரோபற்றீரியம் றைசோஜீன்ஸ் என்ற மண் பற்றீரியாவைக் காயத்தில் தடவினால், அது தன் பரம்பரை அலகுகள் சிலவற்றைச் செடிக்குள் செருகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மயிர்போல வேர்கள் வெடித்து வரும். பிறகு பற்றீரியாவை நுண்ணுயிர்க்கொல்லியால் நீக்கிவிட்டு வேரை மட்டும் நீர் ஊடகத்தில் வளர்ப்போம். ஓமோன் தேவையில்லை, கலங்களைப்போல மாதத்துக்கு மாதம் குணம் மாறுவதும் குறைவு. தூண்டிக்கும் நன்றாகப் பதில் சொல்லும்.

அப்படியானால் அது மரபணு மாற்றம் இல்லையா? பயமாக இருக்கிறது.

மாற்றம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பற்றீரியா நமக்கு முன்னமே இந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது. நாம் அவித்துத் தின்னும் வற்றாளைக் கிழங்கில் அதன் இனத்துப் பற்றீரியாவின் அலகுகள் இயற்கையாகவே இருப்பதை 2015 இல் கண்டுபிடித்தார்கள். வேர் போத்தலைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

நித்தியகல்யாணி வாசலிலேயே பூக்கிறது. அதன் புற்றுநோய் மருந்தை இந்த முறையில் ஏன் செய்யவில்லை?

கேட்டவற்றிலேயே கூர்மையான கேள்வி இது, கேட்டது ஹற்றனிலிருந்து வந்த ஓர் உயர்தர மாணவி. வின்பிளாஸ்டின் என்ற மருந்து இரண்டு பாதிகள் ஒட்டியது: கதரந்தின், விண்டோலின். தொங்கல் கலங்கள் கதரந்தினைச் செய்யும். விண்டோலினின் கடைசிப் படிகளுக்கு வெளிச்சம் வேண்டும், இலையில் மட்டும் இருக்கும் தனிவகைக் கலங்கள் வேண்டும். ஒரு கலத்தில் ஒரு படி, பக்கத்துக் கலத்தில் அடுத்த படி என்று வேலை பிரிந்திருக்கிறது. உருவமில்லாத கூழில் அந்தப் பிரிவு இல்லை. தூண்டி எவ்வளவு ஊற்றினாலும் இல்லாத பட்டறை திறக்காது.

அதனால்தான் இன்னும் இலையைக் காயவைத்துப் பிழிகிறார்கள், ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர் இலை போகிறது. 2022 இல் ஈஸ்ட்டுக்குள் இரண்டு பாதிகளையும் செய்யவைத்துக் காட்டினார்கள். அது வேறு கலை, எங்கள் அறைக்கு அப்பாற்பட்டது.

நல்ல மஞ்சளாக வந்த மரமஞ்சள் கலஸ் ஆறு மாதத்தில் வெளுத்துவிட்டது. என்ன பிழை விட்டேன்?

மாற்றி நடும்போது எதை எடுத்தீர்கள்? வேகமாகப் பொங்கிய வெள்ளைப் பகுதியையா? அப்படியானால் சோம்பேறிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறீர்கள். மருந்து செய்யும் கலம் மெதுவாக வளரும், செய்யாதது முந்திவிடும்.

மரமஞ்சளின் மருந்துப் பொருளான பெர்பெரின் மஞ்சள் நிறமானது, புறஊதா ஒளியில் மின்னும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் சிறு விளக்கு போதும். அறையை இருட்டாக்கி, கண்ணாடி மூடிக்கு மேலே பிடித்தால் ஒரே திட்டில் ஓரிடம் எலுமிச்சை நிறத்தில் எரியும், பக்கத்தில் மங்கிக் கிடக்கும். எரியும் இடத்தை மட்டும் நுனிக் கத்தியால் கிள்ளி அடுத்த போத்தலுக்கு மாற்றுவேன். எவ்வளவு இருக்கிறது என்பதை விளக்கு சொல்லாது, அதற்குப் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி வேண்டும்.

தேர்வு என்பது இந்த மலைக்குப் புதிதல்ல. ஹக்கலைப் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டதே மலேரியா மருந்தான கொய்னா தரும் சிங்கோனா மரத்துக்காக. 1869 இல் கோப்பியில் துருநோய் வந்தபின் தோட்டங்கள் சிங்கோனாவை ஏக்கர் ஏக்கராக நட்டன. இங்கே நின்றவற்றில் பெரும்பாலானவை கொய்னா குறைந்த இனங்கள். ஜாவாவில் ஒல்லாந்தர் பல மடங்கு கொய்னா உள்ள இனத்தைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். சந்தையில் பட்டை குவிந்து விலை விழுந்ததும் நம்மவர்கள் மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். ஜாவா தாக்குப்பிடித்து நின்றது.

மின்வெட்டு வந்தால்?

கலஸ் தாங்கும். தொங்கல் வளர்ப்பு தாங்காது. ஷேக்கர் நின்றால் கலங்கள் அடியில் படிந்து மூச்சுமுட்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டியபோது முறைவைத்துக் கையால் ஆட்டினோம். அதன்பிறகு எந்தக் கல வரிசையையும் நீர் ஊடகத்தில் மட்டும் வைப்பதில்லை, திட ஊடகத்திலும் ஒரு பிரதி இருக்கும். கொழும்பில் குளிரூட்டிக்குச் செலவு, எங்களுக்கு அறையை 25 பாகையில் வைக்கச் சூடாக்கிக்குச் செலவு.

வல்லாரையில் இதைச் செய்து தொழில் தொடங்கலாமா?

செய்யலாம். முழுச் செடியாகப் போத்தலில் வளர்த்து மெதைல் ஜஸ்மோனேற்று கொடுத்தால் அதன் மருந்துப் பொருளான ஏசியற்றிக்கோசைட் ஏறும். பழகுவதற்கு அதைவிட நல்ல செடி இல்லை. தொழிலுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் கீரையோடு மின்கட்டணம் கட்டும் போத்தல் எப்படிப் போட்டி போடும்? மெதுவாக வளர்வது, வெட்டினால் சாவது, காட்டில் அருகிவருவது, விலை மிகுந்தது: இந்த நான்கில் குறைந்தது மூன்று பொருந்தும் செடி என்றால் வந்து பேசுங்கள்.

நான் வீட்டிலேயே மரமஞ்சள் கலஸ் வளர்த்திருக்கிறேன். கொத்தமல்லியோடு போட்டு அவித்துக் குடிக்கலாமா?

வேண்டாம். அதில் ஒட்சின் இருக்கிறது, நுண்ணுயிர்க்கொல்லி இருக்கலாம், தூண்டி இருக்கலாம். பெர்பெரின் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. கொடியின் தண்டில் இருக்கும் மற்றப் பொருள்கள் கலஸில் இல்லாமலும் போகலாம். ஆகவே இரண்டும் ஒரே மருந்து என்று எந்த வைத்தியரும் ஏற்கமாட்டார். தொழிற்சாலைகளில் பொருளைப் பிரித்துத் தூய்மையாக்கி, சோதித்த பிறகுதான் மருந்து என்ற பெயர் வருகிறது. எனக்குச் சளி பிடித்தால் நான் அவிப்பது மார்க்கெட்டில் வாங்கிய வெனிவெல்தான்.